கண்ணாடிக் கிண்ணமும் காகிதச் சுருளும்

டீசல் எஞ்சினில் வடிகட்டியை இன்றியமையாததாக ஆக்கியது அதன் தெளிப்புப் பம்ப். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சின், அழுத்திய காற்றின் துணையால் எண்ணெயை உருளைக்குள் ஊதியது. அதற்கென்று தனிக் காற்றழுத்தி வேண்டியிருந்ததால் அந்த எஞ்சின் ஆலைகளோடும் கப்பல்களோடும் நின்றது. சாலை வண்டிக்கு அதன் எடை ஒத்துவரவில்லை. ராபர்ட் பாஷ் நிறுவனம் 1922இல் வேலையைத் தொடங்கி 1927இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பம்ப், காற்றின் உதவி இல்லாமல் எண்ணெயை நேரடியாக அழுத்தித் தெளித்தது. லாரிகள் டீசலுக்கு மாறின. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260டி கார் வந்தது.

அந்தப் பம்புக்குள் ஓர் எஃகுத் தண்டு எஃகுக் குழலுக்குள் மேலும் கீழும் போய்வரும். இரண்டுக்கும் நடுவே ரப்பரோ வளையமோ கிடையாது. அழுத்தம் கசியாமல் காப்பது அவற்றுக்கு இடையே விடப்பட்ட சில மைக்ரான் இடைவெளி மட்டுமே. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் இந்தப் பொருத்தம் எவ்வளவு நெருக்கமானது என்று புரியும். கண்ணுக்குத் தெரியாத மணல் துகள்கூடத் தண்டில் கீறல் போட்டுவிடும். பிறகு அழுத்தம் குறையும். காலையில் வண்டி எளிதில் கிளம்பாது. கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் வண்டிக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. கார்புரேட்டர் துளையில் அடைத்த அழுக்கை ஊதியே எடுத்துவிட முடிந்தது. தொடக்ககால மோட்டார்காரர்கள் புனலில் மெல்லிய ஆட்டுத்தோலை விரித்துப் பெட்ரோலை வடித்து ஊற்றினார்கள். ஃபோர்டு மாடல் டி காரில் டேங்குக்கு அடியில் வண்டல் தங்க ஒரு சிறு குமிழ் இருந்தது, அதுவே போதுமாயிற்று.

டீசலுக்குக் கம்பிவலையும் வண்டல் குமிழும் போதவில்லை. கம்பளி நமுதா, துணி, பிறகு பிசின் ஏற்றிய காகிதம் என்று வடிகட்டும் பொருள் படிப்படியாக நுணுகிக்கொண்டே போனது. இந்தியாவில் இந்தப் படிகளில் இரண்டை ஒரே வண்டியில் பார்க்கலாம். 1948இல் எண்ணூரில் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகள் வந்தன. 1951இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் பம்புகளையும் வடிகட்டிகளையும் இந்தியச் சாலைகளுக்குக் கொடுத்தது. மைக்கோவின் இரட்டை வடிகட்டியில் இரண்டு கிண்ணங்கள் ஒரே தலையில் தொங்கும். முதல் கிண்ணத்தில் துணி, இரண்டாவதில் காகிதம். பெரிய அழுக்கைத் துணி பிடித்துக்கொள்வதால் காகிதம் நீடித்து உழைக்கும். பீப்பாயிலிருந்து வாளியில் மொண்டு ஊற்றிய டீசலில் ஓடிய வண்டிகளுக்கு இது ஏற்ற ஏற்பாடு.

பிரிட்டிஷ் வழி வேறு. பெர்கின்ஸ் எஞ்சின் பொருத்திய மாஸே ஃபெர்குசன் டிராக்டர்களில் காணப்பட்ட சி.ஏ.வி. வடிகட்டியில், சுருளாகச் சுற்றிய காகிதம் ஒரு தகரக் கூட்டுக்குள் இருக்கும். அதன் கீழே கண்ணாடிக் கிண்ணம். டீசல் மேலிருந்து காகிதத்தின் வழியே இறங்கும்போது பொடிப்பொடியான நீர்த்துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகிக் கிண்ணத்தில் தங்கும். தெளிந்த டீசல் நடுக்குழாய் வழியாக மேலேறும். டீசலை விட நீர் கனமானது என்ற எளிய உண்மையை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திய உறுப்புகள் வண்டியில் அதிகம் இல்லை. கிண்ணத்தின் அடியில் நீர்க்கோடு தெரிந்தால் திருகைத் திறந்து வடித்துவிடலாம். கழற்றிப் பார்க்காமலே டீசலின் நிலை தெரிந்தது.

இந்த வடிவங்கள்தாம் வடிகட்டியைச் சுத்தம் செய்யும் வேலையைப் பட்டறைக்கு வெளியே கொண்டுவந்தன. நடு போல்ட் ஒன்றைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வந்துவிடும். ஒரு ஸ்பேனர் போதும். வீட்டு வாசலில் ஜீப் வைத்திருந்தவரும், வயலோரம் டிராக்டரை நிறுத்தியவரும், லாரி கிளீனராகத் தொழில் பழகிய பையனும் செய்த வேலை ஒன்றே. கிண்ணத்தைப் புது டீசலில் அலசவேண்டும். வேஸ்ட் துணியால் துடைத்தால் நூல் பிசிறு உள்ளே போய்விடும். பழைய ரப்பர் வளையத்தைத் திரும்பப் போடுவது பொய்ச் சிக்கனம். அங்கே நுழையும் காற்று கசியும் டீசலை விடக் கெடுதல்.

காற்றுதான் இந்த வேலையின் கடினமான பாதி. வடிகட்டியைத் திறந்ததும் உள்ளே புகும் காற்று அழுத்தத்தில் சுருங்கிவிடுகிறது. பம்ப் எவ்வளவு உந்தினாலும், உருளைக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் திறப்பதில்லை. எனவே ‘ஏர் எடுப்பது’ தனிக் கலையாக வளர்ந்தது. வடிகட்டித் தலையிலுள்ள திருகைத் தளர்த்திவிட்டு, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் கைப்பிடியை அடிக்கவேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழி கலந்த டீசல், கடைசியில் தெளிந்த கீற்று. அந்தக் கணத்தில் திருகை இறுக்கிவிட்டு, அடுத்துத் தெளிப்புப் பம்பின் திருகுக்குப் போகவேண்டும். அப்போதும் வண்டி பிடிக்காவிட்டால் நாசில் குழாய்களின் நட்டுகளைச் சற்றே தளர்த்தி எஞ்சினைச் சுழலவைப்பார்கள். நட்டு விளிம்பில் டீசல் துள்ளினால் காற்று போய்விட்டது என்று பொருள்.

எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் முறை 2000க்குப் பின் இந்திய வண்டிகளில் பரவி, இந்தப் பழக்கத்தின் அடியையே மாற்றிவிட்டது. பழைய நாசில்கள் பெரும்பாலும் 200 பார் அழுத்த அளவில் திறந்தன. புதிய முறையின் முதல் தலைமுறையே 1,350 பாரில் இயங்கியது. பின்னர் வந்தவை 2,000ஐத் தாண்டின. அழுத்தம் கூடியதற்கேற்பக் காகிதமும் மேலும் நுண்ணியதாயிற்று. கண்ணாடிக் கிண்ணத்தின் இடத்தை மூடிய கூடும், நீரை உணர்ந்து டேஷ்போர்டில் விளக்கேற்றும் சென்சாரும் பிடித்தன. ஓடும் எஞ்சினில் குழாய் நட்டைத் தளர்த்துவது இப்போது ஆபத்து. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் இறங்கும். அதனால் இவ்வகை வண்டிகளின் சர்வீஸ் கையேடுகள் அதைத் தடைசெய்கின்றன. பல வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் மின்பம்பே டீசலை வடிகட்டிக்கு ஏற்றிக் காற்றைத் தள்ளிவிடுகிறது; கைப்பிடிக்கு அங்கே வேலை இல்லை.