சட்டப் பிரிவுக்கு நேரடி லிங்க்: வாட்ஸ்அப்பில் அனுப்புவது எப்படி?

அருள்புரம் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பாலியல் தொல்லை நேர்ந்தால், 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன் 9ஆவது பிரிவு சொல்வது இது. இதைத் தெரியப்படுத்த முழுச் சட்டத்தையும் பிடிஎஃப்பாக அனுப்பினால், செல்போனில் யார் தேடிப் படிப்பார்கள்?

என்ன செய்யலாம்?
மத்திய அரசின் ‘இந்தியா கோட்’ இணையதளத்தில் பிரிவு வாரியாகத் தனி முகவரி உண்டு. சட்டத்தின் பெயர், பிரிவு எண், ‘இந்தியா கோட்’ என கூகுளில் தேடுங்க. திறக்கும் பக்கத்தின் முகவரியில் ‘செக்‌ஷன்நோ’ என்பதற்குப் பக்கத்தில் 9 இருந்தால், அதுதான் நேரடி லிங்க். காப்பி செய்து அனுப்பலாம்.

இதை மறக்காதீங்க
லிங்க்கோடு சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு எண்ணையும் டைப் செய்யுங்க. நாளைக்கு லிங்க் திறக்காவிட்டாலும் பிரிவைக் கண்டுபிடிக்கலாம்.

3 மாதம் தாண்டிவிட்டதா? தக்க காரணம் இருந்தால், புகார்க் குழு மேலும் 3 மாதம் வரை அவகாசம் தரலாம். அதுவும் அதே 9ஆவது பிரிவில்தான் இருக்கு.