கழிவுநீரும் ஆற்றின் நலமும்

ஓடும் நீரிற் குற்றமில்லை என்று மக்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆற்றில் விழும் அழுக்கை அங்கு வாழும் பற்றீரியாக்கள் உண்டு சிதைக்கின்றன. ஆனால், அத்தொழிலுக்கு அவை நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைச் செலவிடுகின்றன. 20 பாகை சதம வெப்பநிலையில் ஓர் இலீற்றர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனே கரைந்திருக்கும். அச்சிறு முதல் தீர்ந்தால் மீன்கள் மடியும், நீரும் நாறும்.

இவ்வுண்மையை இங்கிலாந்து துன்பப்பட்டே கற்றது. 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு வீடுகளில் நீர்மலகூடங்கள் பெருகின. அவற்றின் கழிவு ஆறுகளைச் சேர்ந்தது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் தாளாது, பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் தோய்த்துத் தொங்கவிட்டனர். பின்னர் யோசப் பசல்கெற் என்னும் பொறியியலாளர் அமைத்த பெருங்கால்வாய்கள், இலண்டனின் கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுசென்று அதே நதியில் விட்டன. நகரம் தப்பியது, நதி தப்பவில்லை. அழுக்கு இடம் மாறியதேயன்றி ஒழியவில்லை.

அதனை ஒழிக்கும் வழி தேடியோர் பலர். அவர்களுள் ஒருவர், எக்ஸ் ஆற்றங்கரையிலுள்ள எக்சீற்றர் நகரின் நில அளவையாளரான டொனல்ட் கமரன். நகரின் ஒரு பகுதியில் வாழ்ந்த ஏறத்தாழ 1,500 பேரின் கழிவுநீருக்காக, 1890களின் நடுப்பகுதியில் அவர் மூடிய தொட்டியொன்றை அமைத்தார். ‘செப்ரிக் தாங்கி’ என்ற பெயரை அதற்கு இட்டவரும் அவரே. தொட்டியில் திண்மங்கள் அடியிற் படிந்தன. காற்றின்றி வாழும் பற்றீரியாக்கள் அவற்றைச் சிதைத்தன. மேலே தெளிந்த நீர், உலைக்கழிவுக் கட்டிகள் பரப்பிய வடிகட்டிகளினூடே சென்று மேலும் தூய்மையடைந்தது. தொட்டியில் உண்டான வாயு அங்கே விளக்கெரிக்கவும் உதவியது. ஆறு தன் மூச்சைச் செலவிட்டுச் செய்யவேண்டிய வேலையை, கரையிலேயே செய்து முடிப்பதுதான் இம்முறையின் உட்கருத்து.

1914ஆம் ஆண்டில் மன்செஸ்ரரைச் சேர்ந்த ஆடேண், லொக்கெற் என்னும் இருவரும், கழிவுநீருக்குக் காற்றூட்டி நுண்ணுயிர் செறிந்த சேற்றைக் கொண்டு அதனைத் தூய்மையாக்கும் முறையை வெளியிட்டனர். இன்றைய நிலையங்கள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படை.

எவ்வளவு தூய்மை போதும் என்ற வினாவுக்கு, பிரித்தானிய அரச ஆணைக்குழு 1912இல் விடை கூறியது. வெளிவிடும் நீரின் 1,00,000 பங்கில் மிதக்கும் திண்மம் 3 பங்கை மிஞ்சலாகாது. ஐந்து நாளில் அது உட்கொள்ளும் ஒட்சிசன் 2 பங்கை மிஞ்சலாகாது. இவ்வளவும், அந்நீரோடு குறைந்தது எட்டு மடங்கு ஆற்றுநீர் கலக்குமிடத்துக்கே பொருந்தும்.

இந்த எட்டு மடங்கு என்னும் நிபந்தனை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஊரின் பருமனைக் கொண்டு தீங்கை அளத்தல் ஆகாது; ஆற்றின் வலிமையைக் கொண்டே அளத்தல் வேண்டும். பேராறு தாங்கும் கழிவைச் சிற்றாறு தாங்காது. மாரியில் தாங்கும் சிற்றாறும் கோடையில் தாங்காது. ஆதலால், சிறிய ஊருக்குச் சுத்திகரிப்பு நிலையம் மிகை என்பார் கூற்றுப் பொருந்தாது.

தலைமடையில் நீர் பாய்ச்சுவோர் கடைமடையாரை மறவாதிருத்தல் உழவர் அறம். ஆற்றங்கரை ஊர் ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ள ஊருக்குத் தலைமடையே. தன் கழிவைத் தானே தூய்மைசெய்து விடும் ஊர், ஆற்றை மட்டுமன்றி, தான் காணாத அயலாரின் கிண்ணத்து நீரையும் காக்கின்றது.