பலூன் கம்பெனியும் கறுப்பு பைக்கும்

1985 ஜனவரியில் தொடங்கிய ‘ஸ்ட்ரீட் ஹாக்’ தொடரை அதே ஆண்டு மே மாதத்தில் கைகழுவிவிட்டது அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி. மொத்தமே 13 பகுதிகள். காலில் அடிபட்டு மேசை வேலைக்குத் தள்ளப்பட்ட போலீஸ்காரர் ஜெஸ்ஸி மாக், இரவானால் மணிக்கு 300 மைல் வேகத்தில் சீறும் ரகசியக் கறுப்பு பைக்கில் கிளம்பிவிடுவார். அங்கே எடுபடாத இந்தக் கதை, தூர்தர்ஷனில் வந்தபோது நம் ஊர்ப் பையன்களைக் கட்டிப்போட்டது. டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் செருப்புகள் குவிந்த காலம் அது.

அந்தப் பைக் வீரனைப் பொம்மையாக்கி இந்தியாவில் விற்றது ஃபன்ஸ்கூல். எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமும் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கிய கம்பெனி. தலைமையகம் சென்னை, தொழிற்சாலை கோவாவில். ஹாஸ்ப்ரோவின் ‘ஜி.ஐ. ஜோ’ படைவீரர் பொம்மைகளை, மூன்றே முக்கால் அங்குல உயரத்தில், ஃபன்ஸ்கூல் இங்கேயே வார்த்தது. அந்த வரிசையில் அமெரிக்கப் பட்டியலிலேயே இல்லாத ஓர் ஆளாக ‘ஸ்ட்ரீட் ஹாக்’ நுழைந்தான்.

டயர் கம்பெனிக்குப் பொம்மையோடு என்ன உறவு என்று கேட்டால், பொம்மைதான் மூத்தது. எம்.ஆர்.எஃப். நிறுவனர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டுத் தொடங்கியது விளையாட்டுப் பலூன் தயாரிப்பு. டயரெல்லாம் பிற்பாடு வந்தது. ரப்பர் உறவு பொம்மைக்குள்ளும் உண்டு. ஜி.ஐ. ஜோ பொம்மையைத் திருப்பி முதுகிலிருக்கும் சின்னத் திருகாணியைக் கழற்றினால் உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம் தெரியும். மார்பையும் இடுப்பையும் காலையும் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். பரணின் வெக்கையில் காய்ந்தால் முதலில் அற்றுப்போவதும் அதுதான். இடுப்போடு இரண்டாகிவிட்ட வீரனை ‘உடைஞ்சு போச்சு’ என்று காயலான் கடைக்கு அனுப்பிய வீடுகள் ஏராளம். ஒரு வளையம் மாற்றினால் எழுந்து நின்றிருப்பான்.

ஹாஸ்ப்ரோ 1994இல் அந்த வரிசையை நிறுத்தியது. ஃபன்ஸ்கூல் நிறுத்தவில்லை. பழைய அச்சுகளை வைத்துக்கொண்டு தொடர்ந்து வார்த்தது. ஒரு தடவை பச்சை, அடுத்த தடவை கிடைத்த பச்சை. ஒருவனுடைய உடம்பில் இன்னொருவனின் தலை. தரக் கட்டுப்பாட்டுக்காரர் முகம் சுளிக்கும் இந்தக் கலவைதான் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்குப் பித்துப் பிடிக்கவைத்தது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க வியாபாரிகள் இந்திய ஜோக்களை வரவழைத்து விற்றார்கள். இன்றைக்கு அவர்கள் தேடுவது பொம்மையை மட்டுமல்ல, அது ஒட்டியிருந்த அட்டையையும். நாம் முதலில் கிழித்தெறிந்ததே அதைத்தானே!

அதே ஃபன்ஸ்கூல் பின்னாளில் ராணிப்பேட்டையிலும் ஆலை அமைத்தது. வாலாஜா, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகை நெடுகத் தோல் பதனிடும் டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த வட்டாரம். பொம்மை இங்கே வந்து சேர்ந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. ஆம்பூரில் லாஸ்ட்டும் (ஷூவுக்கு வடிவம் தரும் கால் அச்சு) டிசைனும் ஐரோப்பிய பிராண்டு சொன்னபடி. ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைப்பது நம் பெண்கள். பெட்டியில் பெயர் வேறொருவருடையது. ராணிப்பேட்டைப் பொம்மை ஆலையும் சொந்தப் பொம்மைகளோடு வெளிநாட்டு பிராண்டுகளுக்கும் செய்து அனுப்புகிறது. இரவல் அச்சில் தன் கைவரிசையைக் காட்டியதால்தான் அந்தக் கோவா ஜோக்களுக்கு இன்று மதிப்பு. ஆம்பூர் ஷூவுக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. பழைய மாதிரி ஷூக்களையும் லாஸ்ட்டுகளையும் யாரும் எடுத்துவைப்பதாகவும் தெரியவில்லை. ஆர்டர் முடிந்தால் மூலைக்குப் போகின்றன.

வீட்டுப் பரணில் இடுப்பொடிந்த வீரன் எவனாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஷூ கம்பெனியில் வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் கொண்டுவந்த ஒற்றைக்கால் ஷூ சாம்பிளையும் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.