ஒரு நாக்கின் சரித்திரம்

சீனத் தேயிலையைப் பற்றி எழுத வருகிறவர்கள் எட்டாம் நூற்றாண்டு லூ யூவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். எனக்கு 1638இல் நான்கிங் நகரத்தில் நடந்த ஒரு சந்திப்பிலிருந்து தொடங்கத் தோன்றுகிறது. ஒருவர் இன்னொருவர் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்தார். விஷயம் அவ்வளவுதான்.

போனவர் சாங் தாய். ஷாவ்ஷிங்கில் உத்தியோகமும் சொத்தும் பரம்பரையாக வந்த குடும்பத்தில் 1597இல் பிறந்தவர். நாடகம், தோட்டம், சேவல் சண்டை, தேயிலை என்று ஒன்று மாற்றி ஒன்றில் பித்துப் பிடித்து அலைந்தவர். நான்கிங் வந்து சேர்ந்ததும் நேரே மின் வென்ஷுய் என்ற கிழவரைத் தேடிப் போகிறார். கிழவர் வீட்டில் இல்லை. வெகுநேரம் கழித்து வருகிறார். பேச்சு ஆரம்பிப்பதற்குள் கைத்தடியை எங்கோ விட்டுவிட்டேன் என்று மறுபடி எழுந்து போய்விடுகிறார். இரவு திரும்பி வந்து பார்த்தால் விருந்தாளி நகரவில்லை. உங்கள் தேநீரை ஆசை தீரக் குடிக்காமல் கிளம்புவதாக இல்லை என்கிறார். கிழவருக்கு உள்ளூர சந்தோஷம். தானே அடுப்பை மூட்டுகிறார்.

இலை எந்த ஊர் என்று கேட்டதற்கு லாங்யுவான் என்கிறார் கிழவர். சாங் தாய் இன்னொரு வாய் குடித்துவிட்டு, பக்குவம் லாங்யுவானுடையதுதான், ருசி அதனுடையதல்ல என்கிறார். பின்னே எந்த ஊர் என்று கிழவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கிறார். மறுபடி ஒரு வாய். லுவோஜியே மாதிரி அல்லவா இருக்கிறது? கிழவர் நாக்கை நீட்டி அதிசயப்படுகிறார். தண்ணீர்? ஹுயி ஊற்றுத் தண்ணீர். அத்தனை தூரம் படகில் அலுங்கிக் குலுங்கி வந்த தண்ணீரில் இந்த உயிர் எப்படி மிஞ்சும் என்று சாங் தாய் மடக்குகிறார். இனி மறைப்பதில்லை என்று கிழவர் முறையைச் சொல்கிறார். கிணற்றைத் துப்புரவாக்கிவிட்டு, இரவு அடங்கியபின் புது ஊற்று சுரக்கக் காத்திருந்து உடனே மொள்ள வேண்டும். ஜாடிக்கு அடியில் கல் பரப்ப வேண்டும். காற்று வீசாவிட்டால் படகை எடுக்கக் கூடாது. பிறகு உள்ளே போய் வேறொரு பானையில் கொண்டுவந்து ஊற்றுகிறார். இது வசந்தத்தில் பறித்தது, முன்னால் தந்தது இலையுதிர் காலத்தது என்று சாங் தாய் சொல்லிவிடுகிறார். எழுபது வயதில் இப்படி ஒருவரைக் கண்டதில்லை என்று கிழவர் சிரிக்க, சிநேகிதம் அங்கே ஆரம்பம்.

எழுதி வைத்தவர் சாங் தாயே என்பதை மறக்கக் கூடாது. ஜெயித்தவரே எழுதிக்கொண்ட தீர்ப்பு இது. நாக்கு தடுமாறிய இரவுகளும் இருந்திருக்கும்; அவற்றை அவர் எழுதவில்லை. ஆனாலும் அந்தத் தண்ணீர்ச் சமாசாரத்தைப் படிக்கும்போது நம்பத் தோன்றுகிறது. வெறுமே பெருமையடிக்கிறவன் ஜாடியின் அடியில் கிடந்த கல்லை ஞாபகம் வைத்திருக்க மாட்டான்.

ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிஞர்களின் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். 1929இல் அது புத்தகமாக வந்து விமர்சன உலகத்தைக் கலக்கியது. கிழவர் வைத்த பரீட்சை அதைவிடக் கொடியது. பெயரை அவர் மறைக்கவில்லை, பொய்ப் பெயரைத் தந்தார். பெயர் தெரியாத கவிதையைக் கண்டால் முழிக்கிறவனுக்குக் கூச்சமாவது மிஞ்சும். பொய்ப் பெயர் தரப்பட்டவன் முக்கால்வாசி அந்தப் பெயரைத்தான் ருசிக்கிறான். நம்முடைய மதிப்புரைகளில் இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இந்த நாக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. சொங் வம்ச காலத்து ரசிகர்களால் இதே பரீட்சையை எழுதியிருக்க முடியாது. ஃபூஜியனிலிருந்து அரண்மனைக்குப் போன இலையை அவித்து, பிழிந்து, அரைத்து, அச்சில் வார்த்து வில்லையாக்கினார்கள். குடிக்கும்போது வில்லையைப் பொடித்து, கிண்ணத்தில் வெந்நீர் விட்டு நுரைவர அடித்தார்கள். அதில் போட்டி வேறு. பதினோராம் நூற்றாண்டின் நடுவில் ட்ஸாய் ஷியாங் எழுதியதன்படி, யாருடைய நுரை முதலில் விலகிக் கிண்ண ஓரத்தில் நீர்க்கோடு தெரிகிறதோ அவர் தோற்றவர். வெள்ளை நுரை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே கறுப்புக் கிண்ணம். ஹுயிசொங் பேரரசர் 1107இல் தேயிலைக்கு ஒரு நூலே எழுதினார். ருசிதான் தலையாயது என்று அதில் அவர் சொன்னாலும், போட்டியில் தீர்ப்புச் சொன்னது கண்தான். 1127இல் ஜூர்சென் படை அவரைச் சிறைபிடித்துக்கொண்டு போனது.

1391இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஜூ யுவான்ஜாங், அரண்மனைக்கு வில்லை வேண்டாம், கொழுந்தாகவே அனுப்புங்கள் என்று உத்தரவிட்டார். வில்லை செய்வதில் ஜனங்களின் உழைப்பு வீணாகிறது என்பது காரணம். பஞ்சத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்து, பிச்சையெடுத்துத் திரிந்த குடியானவனின் மகன் அவர், காரணத்தை நம்பலாம். உதிரி இலையை அவர் கண்டுபிடித்ததாகச் சொல்வது மட்டும் தப்பு. சாதாரண ஜனங்களில் பலர் அதற்கு முன்பே அதைத்தான் குடித்து வந்தார்கள். உத்தரவு செய்தது, மேல்தட்டின் ரசனைச் சொற்களை ஒரே அடியில் செல்லாக்காசாக்கியதுதான். நுரையைப் பற்றிய அத்தனை நுட்பமும் யாருக்கும் உபயோகமில்லாமல் போயிற்று. கறுப்புக் கிண்ணங்களை ஜப்பானியர்கள் பொக்கிஷமாக வைத்துக்கொண்டார்கள். சீனாவில் யீஷிங் களிமண் பானையும் வெள்ளைப் பீங்கானும் வந்தன. அரைபடாத, முழுசான இலை வெந்நீரில் விரிந்தபோதுதான் எந்த மலை, எந்தப் பருவம், எவர் கைப்பக்குவம் என்ற கேள்விகள் இத்தனை கூர்மையாக எழ முடிந்தது. சாங் தாயின் நாக்கு இந்த இரண்டரை நூற்றாண்டு காலத்தின் விளைச்சல்.

ஆனால் உழைப்பு குறைந்ததா? சாங் தாய் தன் ஊருக்குப் பக்கத்திலுள்ள ரிஜூ தேயிலைக்குப் புத்துயிர் தர ஆசைப்பட்டார். அப்போது பிரபலமாயிருந்த சொங்லுவோ தேயிலையின் பக்குவம் தெரிந்த ஷெ பகுதி ஆட்களைக் கூலிக்கு வரவழைத்தார். கிள்ளுவது, கசக்குவது, விசிறுவது, வறுப்பது, வாட்டுவது என்று எட்டு வேலைகளை அவரே பட்டியல் போடுகிறார். எந்தத் தண்ணீர், எந்தக் கோப்பை, மல்லிகை எவ்வளவு என்று திரும்பத் திரும்ப ஒப்பிட்டுப் பார்த்ததையும் சொல்கிறார். தண்ணீர் வந்த ஊற்றுக்குப் பெயர் இருக்கிறது. எட்டு வேலையும் தெரிந்து வந்த ஆட்களில் ஒருவருக்கும் பெயரில்லை. இலங்கை மலைநாட்டில் கொழுந்து கிள்ளிய தமிழர்களைப் பற்றித் தெரிந்த நாம் இதற்கு ஆச்சரியப்பட முடியாது. ஆனால் இத்தனை நுட்பமாக ருசி பார்த்தவரின் கவனத்துக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதைக் குறித்து வைக்கத்தான் வேண்டும்.

அந்தத் தேயிலைக்கு அவர் விளையாட்டாக லான்ஷுவே என்று பெயர் வைத்தார். நாலைந்து வருஷத்தில் சந்தையில் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். சொங்லுவோவை லான்ஷுவே என்று சொல்லி விற்றாலும் குடித்தார்கள். கடைசியில் சொங்லுவோ விளைந்த ஊர்க்காரர்களே மேலுறையை மாற்றி லான்ஷுவே ஆக்கிக்கொண்டார்கள். நகல், மூலத்தின் பெயரையே விழுங்கிவிட்டது. கிழவர் ஒரு பொய்ப் பெயரைச் சொல்லி அவர் நாக்கைச் சோதித்தார். இங்கே ஊர் முழுவதும் ஒரு பெயரைக் குடித்துத் திருப்தியடைந்தது. சாங் தாய் இதை எழுதும்போது கோபப்படவில்லை, வேடிக்கை பார்க்கிறார். நானாக இருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

இதையெல்லாம் எந்த நிலையில் எழுதினார் என்று பார்க்க வேண்டும். 1644இல் பெய்ஜிங் விழுந்தது. 1646இல் மஞ்சுப் படைகள் ஷாவ்ஷிங்குக்கு வந்தன. சாங் தாய் மலைக்கு ஓடினார். வீடு போயிற்று, சேர்த்து வைத்த புத்தகங்கள் போயின. பல நாட்கள் அடுப்பு எரியவில்லை. நான்கிங் இரவும் லான்ஷுவேயும் அவரது நினைவுக் குறிப்புகளில் அதன் பிறகு தொகுக்கப்பட்டவை. லுவோஜியேக்கும் லாங்யுவானுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி முடித்தபோது ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் இரண்டுமே இல்லை. அந்த வித்தியாசம் இருந்தது என்பதற்கு இன்று நமக்கு அவர் வார்த்தை ஒன்றுதான் சாட்சி.

பிற்காலத்தில் அவர் ஒரு கவிதை எழுதினார். நல்ல ரிஜூ தேயிலை கண்ணில் படுகிறது, வாங்க முடியவில்லை, முகர்ந்து பார்ப்பதோடு சரி. கவிதையின் தலைப்பே அதைத்தான் சொல்கிறது.