கலை குறைந்தால் விகலம்

ஓசூர் பேருந்து நிலையத்தில் தமிழ்நாட்டு வண்டியும் கர்நாடக வண்டியும் அடுத்தடுத்து நிற்கும். அத்திப்பள்ளியைத் தாண்டினால் அரசுத் தாள்களில் ஒரே ஆளின் பெயர் மாறிவிடும். இந்தப் பக்கம் அவர் மாற்றுத்திறனாளி. அந்தப் பக்கம் விகலசேதனர். சுற்றுப்பட்டுக் கிராமங்களின் தெலுங்கில் அவரே விகலாங்குடு.

நமக்குப் பழகிய சொல் ஊனம். வடமொழியில் 'ஊன' என்றால் குறைந்தது. பத்தொன்பதை அம்மொழியில் 'ஏகோனவிம்சதி' என்பார்கள். ஒன்று குறைந்த இருபது. பத்தொன்பதுக்கு எந்தக் குறையும் இல்லை. இருபதை அளவுகோலாகக் கையில் பிடித்தவருக்குத்தான் அது குறைகிறது. ஊனம் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது அந்த அளவுகோல்.

விகலம் இன்னும் சுவையானது. வி, கலை என்று அது பிரியும். கலை என்றால் கூறு. நிலவின் பதினாறு கூறுகளில் ஒன்றுக்கும் அதுவே பெயர். கூறு நீங்கியது விகலம். உறுப்பில் கூறு நீங்கியவர் அங்கவிகலர். அந்தச் சொல் கடுமையாகப் பட்டதால் கன்னடத்தில் விகலசேதனர் வந்தது. ஆனால் சேதனம் என்பது உணர்வு, உயிர்ப்பு. காலில் இருந்த குறையை இரக்கத்தோடு எடுத்து உயிர்ப்பின் மேல் ஏற்றிவிட்டார்கள்! இப்போது விசேஷசேதனர் என்றும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

தமிழுக்குள்ளேயே ஒரு பழைய பட்டியல் உண்டு. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எட்டு வகைக் குறைகளை அடுக்கி, அவற்றை எச்சம் என்கிறார். அந்த எட்டில் ஒன்று குறள், அதாவது உயரம் குறைந்தவர். குறுமை என்ற அதே பொருளில்தான் இரண்டடி வெண்பாவுக்கும் குறள் என்று பெயர். இன்று குறள் என்றதும் நமக்குக் குட்டையான ஆள் நினைவுக்கு வருவதில்லை, வள்ளுவர்தான் வருகிறார். எந்த அரசாணையும் இல்லாமல் ஒரு சொல்லின் முகம் மாறியது. மாற்றியது கவிதை.

மாற்றுத்திறனாளியோ அரசு வழியாகப் பரவிய சொல். 2010இல், மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, ஊனமுற்றோர் என்பது அரசு வழக்கிலிருந்து விலகி இது வந்தது. ஆங்கிலச் சொற்சேர்க்கையின் தமிழாக்கம்தான். ஆனாலும் ஈற்றில் நிற்கும் 'ஆளி' நம் மண்ணுடையது. தொழிலாளி, முதலாளி, படைப்பாளி: ஒன்றைத் தன்வசம் வைத்து ஆள்பவர். சிப்காட் ஆலைகளால் வளர்ந்த ஓசூருக்கு இந்த விகுதி நன்றாகத் தெரியும். இங்குள்ள டைட்டன் கடிகார ஆலையில் மாற்றுத்திறனாளிகள் நெடுங்காலமாகத் தொழிலாளிகள். ஒரே ஆளுக்கு இரண்டு 'ஆளி'.

ஆயினும் ஆணை நாக்கைத்தான் திருத்தும். தெருவில் 'பாவம்' என்று பார்க்கும் கண்ணை அது என்ன செய்யும்? அங்கேதான் மேடை வேண்டியிருக்கிறது. ஓசூருக்குப் பக்கத்து ஊரான ஆனேக்கலில் பிறந்த சையத் சலாவுதீன் பாஷா, சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு நடனம் அமைத்தார். இராமாயணத்தையே சக்கரங்களின் மேல் ஆட வைத்தார். சக்கரம் சுழலும்போது பார்ப்பவர் கால்களை எண்ணுவதில்லை, தாளத்தை எண்ணுகிறார். இருபதை வைத்துப் பத்தொன்பதை அளந்த கோல் அந்தச் சில நிமிடங்களுக்காவது கைநழுவுகிறது.

கைதட்டி முடித்து வெளியே வந்தால் படிக்கட்டு இருக்கிறது, சாய்தளம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைச் சொன்னது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. பட்டியல் நீண்டதால் மட்டும் படிக்கட்டு சரிவாகிவிடாது. அழகான பெயர் அந்தச் சாய்தளத்துக்கு மாற்றாகவும் ஆகாது. பெயரும் ஆட்டமும் சேர்ந்து செய்யக்கூடியது, சாய்தளம் ஏன் இல்லை என்று கேட்கிற ஆட்களைக் கூட்டுவது.

விகலத்தில் நீங்கிய கலைக்கும் மேடையில் ஆடும் கலைக்கும் ஒரே சொல்தான். ஓசூர் மலைமேல் இருப்பவர் சந்திரசூடேஸ்வரர், நிலவை முடியில் அணிந்தவர். அவர் அணிந்தது முழுநிலவை அல்ல, கலைகள் தேய்ந்த பிறையை. அதை இதுவரை யாரும் ஊனமுற்ற நிலா என்று சொன்னதில்லை.