நண்டுக் கொடுக்கும் ஈயமும்: கீலேஷன் சிகிச்சையின் கதை

உடம்பில் ஈயம், பாதரசம் எல்லாம் சேர்ந்துவிட்டது, அதை வெளியேற்றினால் களைப்பு முதல் இதயநோய் வரை தீரும் என்று சொல்லும் மாற்று மருத்துவர்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. அவர்கள் கொடுக்கும் சிகிச்சைக்குப் பெயர் கீலேஷன். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் கொடுக்கிணைப்பு என்கிறார்கள். மருந்தின் மூலக்கூறு இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு உலோகத்தைச் சிறுநீர் வழியாக வெளியே இழுத்து வருகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கீலேஷன் போலி மருத்துவமாகப் பிறக்கவில்லை. நல்ல அறிவியலாகத்தான் பிறந்தது.

போரில் பிறந்த மருந்து

லூயிசைட் என்பது ஆர்சனிக் கலந்த விஷவாயு. இரண்டாம் உலகப்போரில் எதிரிகள் அதை வீசக்கூடும் என்று பிரிட்டன் பயந்தது. ஆக்ஸ்போர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் குழுவினர் மாற்று மருந்து தேடினார்கள். ஆர்சனிக் நம் உடம்பின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் இரண்டு கந்தகம் உள்ள ஒரு சிறு மூலக்கூறைக் கொடுத்தால் ஆர்சனிக் அதனிடம் தாவிவிடும் அல்லவா? அப்படி உருவானதுதான் 'பால்' (பிரிட்டிஷ் ஆன்டி-லூயிசைட்).

இன்னொரு மருந்தான ஈ.டி.டி.ஏ. வந்தது துணிச் சாயத் தொழிலிலிருந்து. ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் மியூன்ஸ் 1935-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கடின நீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. 1950-களில் ஈய நஞ்சு ஏறிய தொழிலாளர்களுக்கு இதைக் கொடுத்தார்கள், பலன் கிடைத்தது.

திசை மாறியது எப்படி?

டெட்ராய்ட் மருத்துவர் நார்மன் கிளார்க் வேறு மாதிரி யோசித்தார். ஈ.டி.டி.ஏ. கால்சியத்தையும் பிடிக்கிறது, இதயக் குழாய் அடைப்பிலும் கால்சியம் இருக்கிறது, அப்படியானால் அடைப்பைக் கரைக்கலாமே! 1956-இல் நெஞ்சுவலி நோயாளிகள் தேறினார்கள் என்று எழுதினார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத ஒரு குழு இல்லை. முதலில் நம்பிக்கையோடு இருந்த கிட்செல், மெல்ட்ஸர் என்ற மருத்துவர்களே 1963-இல் மறு ஆய்வு செய்து, இது பயன் தரும் சிகிச்சை அல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தனியார் கிளினிக்குகள் எடுத்துக்கொண்டன, 1973-இல் அவர்களுக்கென்று ஒரு சங்கமும் வந்தது. கால்சியம் கதை எடுபடாதபோது, 'கன உலோகம்' என்ற விளக்கம் முன்னால் வந்தது.

சோதனையா, பொறியா?

சிகிச்சை விற்க வேண்டும் என்றால் நோய் இருப்பதாகக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. முதலில் கீலேஷன் மருந்தைக் கொடுப்பார்கள், பிறகு சிறுநீரைச் சேகரித்து அளப்பார்கள். நம் எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் ஈயமும் பாதரசமும் இருக்கின்றன. மருந்து கொடுத்தால் ஆரோக்கியமானவருக்கும் அளவு ஏறும். அதை மருந்து சாப்பிடாதவர்களின் அளவோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? எல்லோருமே நோயாளிதான்! இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர்களின் கல்லூரி அறிவித்திருக்கிறது.

தலைமுடிச் சோதனை இன்னொன்று. ஒரே ஆளின் முடியைப் பிரித்து ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று 2001-இல் ஜாமா இதழில் கட்டுரை வந்தது.

விலை கொடுத்த உயிர்கள்

இது பணம் மட்டும் போகும் விஷயமல்ல. ஈ.டி.டி.ஏ.வில் இரண்டு வகை உண்டு. கால்சியம் சேர்ந்த வகை ஈயத்துக்கானது. டைசோடியம் வகை இரத்தத்திலுள்ள கால்சியத்தையே இழுத்துவிடும், இதயம் நின்றுபோகும். 2003-க்கும் 2005-க்கும் இடையில் இப்படி மூன்று பேர் இறந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006-இல் பதிவு செய்தது. அதில் இரண்டு பேர் குழந்தைகள். ஒரு குழந்தை ஆட்டிசத்துக்காகச் சிகிச்சை பெற்ற ஐந்து வயதுச் சிறுவன்.

கடைசியில் தெரிந்தது

அரசே சோதித்துப் பார்த்தது. 1,708 இதயநோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2013-இல் சிறிய பலனைக் காட்டியது, முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு. எல்லோருக்கும் ஆச்சரியம்! அதனால் சுமார் ஆயிரம் சர்க்கரை நோயாளிகளை வைத்து மறுபடியும் செய்தார்கள். 2024-இல் முடிவு வந்தது. இரத்தத்தில் ஈயம் பாதிக்கு மேல் குறைந்தது உண்மை. ஆனால் மாரடைப்போ மரணமோ குறையவில்லை. உலோகம் போனால் நோயும் போகும் என்ற வாதம் இங்கே பொய்த்துப்போனது.

நம் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உலோகத்தை நீக்கும் மாற்று மருத்துவம் ஒரு பக்கம், உலோகத்தை ஏற்றும் மாற்று மருந்து இன்னொரு பக்கம்!

ஈய நஞ்சு உண்மையான ஆபத்து. பழைய பெயின்ட், பேட்டரி உடைக்கும் தொழில் இவற்றால் பாதிக்கப்படும் குழந்தைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாதாரண இரத்தச் சோதனை போதும். முதலில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அதை நிறுத்த வேண்டும். அளவு மிக அதிகமானால்தான் கீலேஷன். அந்த இடத்தில் அது உயிர் காக்கும் மருந்து. ஆகவே யாராவது சோதனைக்கு முன்பே ஒரு மாத்திரையை நீட்டினால், அது எதற்கு என்று கேளுங்கள்.