காதுக்கு வராத பெயர்

நாற்பதைத் தாண்டியவர் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துப் படித்தால் 'வெள்ளெழுத்து வந்துவிட்டது' என்கிறோம். அதில் கேலி இல்லை. ஆனால் மலேசியாவின் ஜெலுபு மாவட்டத்துக் கோலா கிளாவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டி ஓய்ந்த தாத்தா, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாவிட்டால் அவர் 'செவுடு'. கோபம் கூடினால் 'டமாரச் செவுடு'. கண்ணின் மூப்புக்குத் தனிப்பெயர் வைத்தோம். காதின் மூப்புக்கு வைக்கவில்லை.

கண்ணுக்குப் பெயர் ஒன்றல்ல, இரண்டு. வெளுத்துத் தெரியும் எழுத்தை வைத்து வந்தது வெள்ளெழுத்து. இன்னொன்று சாளேசரம், வடக்கே நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்ற எண்ணிலிருந்து வந்தது. கன்னடத்திலும் அதைச் 'சாளீசு' என்பார்கள். வயதே பெயரானதால் குற்றம் யார் தலையிலும் விழவில்லை.

செவிடு அப்படிப்பட்ட சொல் அல்ல. 'செவி'க்கு மூல வடிவம் 'கெவி' என்பது மொழியியலார் முடிவு. கன்னடத்தில் இன்றும் கிவி, கோண்டியில் கெவி. எகரத்துக்கு முன் நின்ற ககரம் தமிழில் சகரமாயிற்று. கன்னடத்தில் கிவுடு, தெலுங்கில் செவுடு. பரோவும் எமனோவும் 1961ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இவை ஒரே குடும்பம். ஆக, சொல் மிகப் பழையது. அதன் பொருளும் அப்படியே: புறநானூற்று 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எண்ணும் எட்டுப் பிறவிக் குறைகளில் கூன், ஊம் ஆகியவற்றோடு செவிடும் உண்டு. பிறவிக் குறைக்கு வைத்த பெயரை எழுபது வயது நல்ல காதின் மேல் ஒட்டினோம். வினை அங்கேதான்.

மேற்கிலும் காது கண்ணுக்குப் பின்னால்தான் வந்தது. 'பிரெஸ்பியோபியா' என்ற கண் பெயரைப் பார்த்து, 1885ல் நியூயார்க் மருத்துவர் செயின்ட் ஜான் ரூசா 'பிரெஸ்பிகூசிஸ்' என்றார். கிரேக்கத்தில் 'பிரெஸ்பிஸ்' கிழவர். மாதாகோயில் 'பிரீஸ்ட்'டும் அதே வேர்தான். 1891ல் நெதர்லாந்தின் சுவார்டமேக்கர், வயது ஏற ஏற முதலில் போவது உச்ச ஒலிகளே என்று ஊதல் வைத்துக் காட்டினார். தமிழில் சொன்னால், ஆகார ஓகாரம் தங்கும், சகரம் நழுவும். 'சாவி எங்கம்மா?' என்று மகன் கேட்க, 'ஆவியா, என்னாடா பேசுற?' என்பார் பாட்டி. 'சத்தம் கேக்குது, நீதான் வாய்க்குள்ளயே பேசுற' என்று பழியையும் மகன்மேல் போடுவார். அவர் சொல்வதில் பாதி நியாயம். ஒலி எட்டுகிறது, எழுத்துதான் பிரியவில்லை.

காது மங்குவதில் ரப்பர் ஆலை இரைச்சலும் புல்வெட்டும் இயந்திரமும் தம் பங்கைச் செய்கின்றன. ஆனால் அந்தக் குறை ஒருவருக்கு ஐம்பதிலும் இன்னொருவருக்கு எண்பதிலும் வருவானேன்? அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் குடும்பங்களை வைத்துச் செய்த கணக்கில், இந்த வேறுபாட்டில் 35 முதல் 55 சதவீதம் மரபணுவின் வேலை. உள்காது மயிரணுக்களின் மேலுள்ள மயிர்களின் நுனிகளை இழைபோல் பிணைக்கும் கேடெரின்-23 என்ற புரதத்தின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் ஆய்வுக்கூட எலி இனங்கள் சில இளமையிலேயே காதை இழக்கின்றன என்று 2003ல் தெரிந்தது. அந்த மாற்றத்துக்கு 'வயதுக் கேள்விக்குறைவு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே பெயர். எலிக்குக்கூடப் பெயர் கிடைத்துவிட்டது! மனிதரில் இப்படி ஒற்றைக் குற்றவாளி இல்லை. பிரிட்டனில் இரண்டரை லட்சம் பேரை வைத்து 2019ல் வந்த ஆய்வு 44 மரபிடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றும் சிறு தள்ளு மட்டுமே. அத்தனை பேரும் ஐரோப்பிய வம்சாவளி; நம்மவர் கணக்கு அதில் இல்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். ஜெலுபு மலாய்க்காரர்கள் அடாட் பெர்பத்தே வழக்கப்படி குலத்தைத் தாய்வழி எண்ணுகிறார்கள். அதுபோலவே, உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபும் தாய்வழி மட்டுமே. அதில் 1555ஆம் இடத்து மாற்றம் உள்ளவருக்குக் காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி காதைக் கெடுக்கக்கூடும். ஊசி இல்லாமலும் வயதோடு சிலருக்குக் குறையும். அம்மா வழியில் ஊசிக்குப் பின் காது போனவர் இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பெயரின் கேட்டுக்கு வருகிறேன். 'செவுட்டுக் குடும்பம்' என்ற பேச்சு வந்தால் பேத்தியின் சம்பந்தம் தட்டிப்போகும் என்று பெரியவர்கள் மறைக்கிறார்கள். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிப்பதால் கூடும் பிறவிச் செவிடு வேறு. கனெக்சின்-26 போன்ற மரபணுக்கள் இரு பக்கமும் பழுதாகி வருவது அது. எழுபது வயதுத் தாத்தாவின் காதைக் காரணம் காட்டிச் சம்பந்தத்தைத் தட்டுவது அறியாமை.

'முதுசெவி' என்று சொல்லிப் பார்க்கலாம். அது நாவில் ஒட்டாவிட்டால் 'காதுக்கு வெள்ளெழுத்து' என்றாலே தோட்டத்தில் எல்லாருக்கும் புரியும். கண்ணாடி வாங்கக் கூச்சப்படாத நாம் காதுக் கருவிக்கும் கூச்சப்பட வேண்டாம். வீட்டுப் பெரியவர் இரண்டு முறை 'என்னா?' என்று கேட்டால் திட்டாதீர்கள்; ஜெலுபு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், காதுப் பரிசோதனைக்குச் சிரம்பான் மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள்.